செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டால்

வேன் வனத்துறை செக்போஸ்ட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றது. "இங்கேயே இறங்கிக்குங்க சார், தோப்பு வழியா ஏறிடலாம்" என்றார் எங்களைக் கூட்டிவந்த இளைஞர். சரியாக விடியக்கூட இல்லை. பெரியவர்கள் பன்னிரண்டு பேர், குழந்தைகள் ஐந்து. தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற என் மகளுக்கு ஆறு வயது. "ஏம்ப்பா கேட் வழியா போகல?" என்று கேட்டாள். தலைக்கு 900 ரூபாய் ஜிபேயில் அனுப்பும்போதே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நாங்களும் இன்னொரு குடும்பமும் அங்கேயே திரும்பிவிட்டோம். மற்றவர்கள் ஏறி, பத்திரமாகத்தான் இறங்கினார்கள். வாட்ஸ்அப்பில் மலையுச்சிப் படம் வந்தது, கூடவே கொஞ்சம் கிண்டலும். இருக்கட்டும். எனக்குக் குரங்கணி ஞாபகம் வந்துவிட்டது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பரவிய தீ, மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து ஒரு குழு, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து இன்னொரு குழு. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. அவர்கள் போன கொழுக்குமலைப் பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்ததும் அந்த ஆண்டில்தான்.

வனத்துறை அனுமதி என்றால் ஏதோ டோல்கேட் ரசீது என்று பலர் நினைக்கிறார்கள். யார் யார், எந்தப் பாதையில், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருப்பதுதான் அனுமதி. இருட்டியும் நீங்கள் இறங்காவிட்டால் தேடிவர ஆள் வேண்டுமே. தோப்பு வழியாக ஏறியவர்களை எந்தப் பாதையில் போய்த் தேடுவது? காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கூட்டிப்போனவர் மட்டுமல்ல, பணம் கட்டிப் போன நீங்களும் மாட்டுவீர்கள்.

நேர்வழி இல்லாமலும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பதிவு ஆன்லைனில்தான். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். பலர் பழங்குடி இளைஞர்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் துணையோடு எளிய பாதைகள் மட்டுமே. தீ பிடிக்கும் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பள்ளி விடுமுறையைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்காமல், தளத்தைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

தனியார் ஏற்பாட்டாளர் மூலம் போனால், அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதிலிருக்கும் பாதையும் அவர் சொல்லும் பாதையும் ஒன்றுதானா பாருங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம்.

இனி பிள்ளைகள் விஷயம். அசதி வந்துவிட்டால் பெரியவர்கள் புலம்புவோம். சின்னப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடும். வளவளவென்று வந்த குழந்தை கால் மணி நேரமாக வாய் திறக்கவில்லையென்றால் உட்கார வைத்துத் தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொடுங்கள். தோளில் தூக்கிப்போகும் குழந்தையிடம் இன்னொரு சிக்கல். ஏறுகிற அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும். மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். உங்கள் வியர்வையை வைத்து முடிவெடுக்காமல் அதன் கையைத் தொட்டுப் பாருங்கள்.

ஓடையைத் தாண்டும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும், ஆனால் மேலே மழை பெய்திருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தால் கால் வைக்காதீர்கள். 2015 மே மாதம் சதுரகிரிக்குப் போன பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் அடித்துப்போனதை மறந்திருக்க மாட்டோம். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப்போங்கள். குழந்தை என்பதற்காக விஷமுறிவு மருந்தின் அளவு குறையாது, பெரியவர்களுக்குப் போடும் அதே அளவுதான். குறைத்துப் போடச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டாம். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். பிள்ளையின் கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டால்? "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அவர்களுடைய அலட்சியத்துக்கு அந்தத் தாள் கவசமாகாது. காசு வாங்கிக்கொண்டு செய்வது சேவை. அதில் குறை இருந்தால் நுகர்வோர் வழக்கு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விளம்பரம், பணம் அனுப்பிய பதிவு, பேசிய செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து வந்திருந்தால் காவல்நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும்.

எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. நடந்ததை எழுதி, ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஏற்பாட்டாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் பணம் வந்தது.

அடுத்த மாதம் முறைப்படி பதிவுசெய்து ஓர் எளிய பாதைக்குப் போனோம். கேட்டிலிருந்த வனக்காவலர் எங்களை எண்ணி, மகளிடம் பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் இறங்கி வந்ததும் அவள் நேரே அவரிடம் ஓடி, "நாங்க வந்துட்டோம்" என்றாள். அவர் நோட்டைத் திருப்பி, அவள் பெயருக்கு நேரே டிக் அடித்துக் காட்டினார்.