நெஞ்சுச் சளிக்கும் கால் வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். பல வருஷமாக நெஞ்சுச் சளியோடு இருப்பவருக்குக் கால் வீங்குகிறது. டாக்டரோ கிட்னியைச் சோதிக்கச் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் குழம்பிப்போகிறார்கள்.

இப்படிச் சளி நீடிக்க ஒரு காரணம், எப்போதோ வந்துபோன டிபி. அதற்கு மருந்தை முழுசாகச் சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். ஆனால் சிலருக்கு மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோயிருக்கும். அங்கே சளி தேங்கும். திரும்பத் திரும்பத் தொற்று வரும். காலையில் எழுந்ததும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டிச் சளி வருவது இதனால்தான். மூச்சுக்குழாய்களின் இந்த விரிவை டாக்டர்கள் பிராங்கியெக்டாசிஸ் என்பார்கள்.

உடம்பில் தொற்று வந்தால் கல்லீரல் 'சீரம் அமிலாய்ட் ஏ' என்ற புரதத்தை நிறையச் சுரக்கும். சாதாரணக் காய்ச்சல் என்றால் சில நாளில் அளவு இறங்கிவிடும். தொற்று வருஷக்கணக்கில் நீடித்தால் இறங்க வழியே இல்லை. அந்தப் புரதத்தின் துண்டுகள் மெல்லிய இழைகளாகத் திரண்டு உறுப்புகளில் படிகின்றன. பெரும்பாலும் முதலில் சிக்குவது கிட்னிதான்.

டீ வடிகட்டியின் வலை நைந்தால் தூளும் டம்ளரில் இறங்குமல்லவா? அதுபோல, படிவால் கிட்னியின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கிவிடுகிறது. சிறுநீர் நுரைக்கும். ரத்தத்தில் ஆல்புமின் குறைவதால் உடம்பில் நீர் தேங்கி, காலையில் கண்ணைச் சுற்றி உப்பும், சாயங்காலம் காலை அமுக்கினால் குழி விழும். வலி இருக்காது, அதனால் பலரும் ரத்தசோகை, வயசு என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படிவு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கிட்னியில் துளியளவு திசு எடுத்து, ஒரு காலத்தில் பருத்தித் துணிக்குப் போட்ட காங்கோ ரெட் சாயத்தை ஏற்றுவார்கள். முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் படிவு ஆப்பிள் பச்சையாக மின்னும். நோய் உறுதி.

இதற்கு வைத்தியம் நெஞ்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தப் படிவு நோய் உள்ள 374 பேரைக் கவனித்து 2007இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ரத்தத்தில் சீரம் அமிலாய்ட் ஏ லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே நின்றவர்களில் 60 சதவீதம் பேருக்குப் படிவுகள் குறைந்தன. ஆக, தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சியும், சளியைச் சோதித்துக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் கிட்னிக்கும் சேர்த்துத்தான் காவல்.

நாள்பட்ட சளி இருக்கிறவர்கள் டாக்டரிடம் போகும்போது யூரினில் ஆல்புமின் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னியைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நுரையோ வீக்கமோ தெரிந்தால், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். டயாலிசிஸ் வரை போகாமல் தடுக்க நிறைய வழி இருக்கிறது.