நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

"தினமும் எட்டு கிளாஸ் தண்ணீர் கட்டாயம் குடிக்க வேண்டும்" என்று பலர் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிலர் எண்ணி எண்ணிக் குடிக்கிறார்கள். எம் வீட்டுப் பெண்களில் பலரோ, எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தமது தாகத்தை மறந்துவிடுகிறார்கள். இவர்களை நினைத்தே இக்கட்டுரை.

எட்டு கிளாஸ் கணக்குக்கு மூலம் எனப் பலரும் காட்டுவது, 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு, போசாக்குச் சபை வெளியிட்ட ஓர் ஆலோசனையாகும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் நீர் ஏற்றது என்று கூறிய அச்சபை, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. மக்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள்!

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2010இல், பெண்களுக்கு 2 லீற்றரும் ஆண்களுக்கு 2.5 லீற்றரும் போதுமான அளவு என்றது. கர்ப்பிணிகளுக்கு இதற்கு மேல் 300 மில்லி லீற்றரும், பாலூட்டும் தாய்மாருக்கு 700 மில்லி லீற்றரும் தேவை. இதிலும் உணவிலுள்ள நீர் அடங்கும். சோறு, கறி, பழம் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிடைத்துவிடும். தேநீர், கஞ்சி, இளநீர் எல்லாமே கணக்கில் சேரும். ஆனால் இது மிதமான காலநிலைக்குரிய அளவு. எமது நாட்டு வெயிலிலும், அடுப்படி வெக்கையிலும் வியர்வை சிந்துபவருக்கு இதைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

அப்படியானால் அளவை எப்படி அறிவது? தாகத்தைக் கவனியுங்கள்; சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். வெளிர் மஞ்சளாயின் போதுமான நீர் உடலில் உண்டு. கடும் மஞ்சளாகிக் குறைவாகப் போனால், உடல் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். (விற்றமின் மாத்திரைகளும் நிறத்தை மாற்றும்.)

பயணத்தில், பாடசாலையில், திருமண வீட்டில் மலசலகூட வசதியை எண்ணித் தண்ணீர் குடிக்காமலே இருப்பதும், சிறுநீரை அடக்கி வைப்பதும் பெண்களிடையே சாதாரணம். இது நல்லதல்ல. அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஏற்படும், குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. வழமையைவிட ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எனினும், எரிவும் காய்ச்சலும் வந்துவிட்டால் தண்ணீரை மட்டும் நம்பியிராமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

நோன்பு காலத்தில் ஸஹர் முடியும் நேரம் ஒரேயடியாகக் குடிப்பதால் பெரும் பயனில்லை. மிகுதியான நீரைச் சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடும். நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை சிறிது சிறிதாகக் குடியுங்கள். நோன்புக் கஞ்சியும் வத்தகைப் பழமும் இதற்குத் துணை. உப்பும் பொரியலும் தாகத்தைக் கூட்டும்.

இன்னும் சில விடயங்களை மறக்க வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, கேட்காமலே கொடுங்கள். இதய, சிறுநீரக நோயாளர் வைத்தியர் சொன்ன அளவிலேயே குடிக்க வேண்டும். குறுகிய நேரத்தில் அளவுமீறிக் குடிப்பதும் ஆபத்தே. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே கேடு வரலாம்.

சகோதரிகளே! நாளையிலிருந்து அடுப்படியில் உங்களுக்கென்று ஒரு போத்தல் தண்ணீர் வையுங்கள். பகல் சாப்பாட்டுக்குள் அதை முடித்து மீண்டும் நிரப்புங்கள். பிள்ளைக்கும் கணவருக்கும் நீட்டும் கிளாஸில் ஒன்று உங்களுக்கும் உரியதே.