மலைச் சமையலும் எரிவாயுச் சிக்கனமும்

மாணவர்களே! போடிநாயக்கனூரில் நீர் ஏறத்தாழ 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் காற்றழுத்தம் குறைவு; அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரமாகும்.

தீயைக் கூட்டினால் விரைவில் வேகுமா? வேகாது! கொதிநீரின் வெப்பநிலை உயர்வதில்லை. கூடுதல் வெப்பம், கிராமுக்குச் சுமார் 540 கலோரி வீதம், நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும்.

கொதி வந்ததும் தீயைக் குறைக்கவும், பிரஷர் குக்கரில் சமைக்கவும் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் (தோற்றம் 1978) சமையல் எரிவாயு பயன்படுத்துவோருக்குக் கூறுவது இதனால்தான். குக்கரில் அடைபட்ட நீராவி அழுத்தத்தைக் கூட்டுவதால், போடிமெட்டிலும் நீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை சூடேறும்.

விசில் வந்ததும் தீயைத் தணியுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் மேலும் சில நாட்கள் வரும்!