கல்யாணப் பெண் கறுப்புப் புடவையா கட்டினாள்?

2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது, 1979 வைபவத்தில் எடுத்த பழைய படங்களும் வாட்ஸ்அப்பில் வலம் வந்தன. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதால் அந்தப் படங்களுக்கு அப்படியொரு மவுசு. வீட்டுப் படங்களுக்கு மவுசு வருவதோ பெரும்பாலும் யாராவது தவறிய பிறகுதான். பத்தாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும் என்று பரணைக் கலைப்போம்.

அப்போது கையில் கிடைப்பது பெரும்பாலும் சுவரில் மாட்டிய ஃபிரேம். கண்ணாடியின் மேல் வருஷக்கணக்கில் வைத்த சந்தனம், குங்குமம். உள்ளே ஐப்பசி மழையின் ஈரம். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைக்கும் நல்ல தீனி. ஒட்டிய படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிய்க்காதீர்கள். வெளிக்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது போட்டோ எடுங்கள். ஃப்ளாஷ் கூடாது. வெயில் நேரே விழாத ஜன்னலோரம் போதும். செல்போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து, அதற்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கறுப்புத் துணியை விரித்துக் கட்டினால் கண்ணாடியில் உங்கள் முகம் விழாது. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறையைப் பிரித்தெடுக்க அதுதான் உதவும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட எண்பதுகளின் ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்க மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக இழுக்கலாம்.

இதுவரை கைவேலை. தகராறு அடுத்த கட்டத்தில்தான்.

மூலத்தைத் தொடாமல், ஸ்கேன் செய்த நகலில் கீறலையும் மடிப்பையும் நிரப்ப ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். பொறுமைதான் வேண்டும். அது இல்லாதவர்கள் ஏஐ செயலியிடம் கொடுக்கிறார்கள். ஒரு நொடியில் படம் பளபளவென்று வருகிறது. தாத்தாவின் கண் திறந்திருக்கிறது, பல்வரிசை சீராகிவிட்டது. ஆனால் அது தாத்தாதானா? மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று செயலிக்குத் தெரியாது. தான் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஒன்றைக் கற்பனை செய்து வைக்கிறது.

முகத்தில் நடப்பது புடவையிலும் நடக்கிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டில் யாரிடமாவது பழைய கல்யாணப் படத்தைக் காட்டுங்கள். கண் முதலில் கரைக்குத்தான் போகும். கோர்வையா, தாழம்பூ ரேக்கா, முந்தி எவ்வளவு அகலம் என்று பூதக்கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடுவார்கள். ஏஐ கை வைத்த பிறகு அந்த ரேக்கின் பற்கள் மழுங்கி, ஏதோ பூ டிசைனாக மாறியிருக்கும். கலர் ஏற்றச் சொன்னால் இன்னும் மோசம். பழைய காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாடிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. (டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கழுவ முடிந்ததும் அதனால்தான்.) ஆகவே அரக்குப் புடவை படத்தில் ஏறத்தாழக் கறுப்பாக விழும், குங்குமப் பொட்டு மை போல் தெரியும். செயலி அதைக் கண்டு கறுப்பு, கருநீலம் என்று நிறம் தீட்டும். முகூர்த்தத்துக்குக் கறுப்புப் பட்டு கட்டிய மணப்பெண் காஞ்சிபுரத்தில் இருந்திருப்பாளா?

பழைய ஸ்டூடியோக்காரர்கள் மட்டும் உள்ளதை உள்ளபடி தந்தார்களா என்றால், இல்லை. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைத்தார்கள். குரூப் போட்டோவிலிருந்து இறந்தவரின் முகத்தை மட்டும் எடுத்து, சட்டையும் அங்கவஸ்திரமும் வரைந்து தனிப் படமாக்கினார்கள். தனித்தனியாக எடுத்த கணவன் மனைவியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆனால் அந்த டச்சிங்காரர் எதிரில் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் வரைந்தார். செயலி யாரையும் கேட்பதில்லை.

ஏஐயே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை போடும் படத்துக்கு அது உதவட்டும். ஆனால் கை படாத ஸ்கேன் ஒன்று தனியாக இருக்க வேண்டும். திருத்திய படத்தின் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அதையே அசல் என்று நம்பும்.

இன்னொன்று. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய கவர்களில் நெகட்டிவ் சுருள் இருந்தால் தீயில் போடாதீர்கள். பிரிண்ட் வெளுத்துப் போயிருந்தாலும் நெகட்டிவிலிருந்து நல்ல படம் எடுக்கலாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், இந்த வாரமே ஆல்பத்தை அவர்கள் மடியில் வைத்து, யார், எந்த ஊர், என்ன கலர் புடவை என்று கேட்டு எழுதி வையுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.