மரத்தூளும் மறதியும்

கேலாங் வட்டாரத்திற்கும் மரத்திற்கும் பழைய உறவு உண்டு. அதன் அண்டையிலுள்ள காலாங் ஆற்றையொட்டி ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் பல இருந்தன. பின்னர் மரத்தொழில் சுங்கை காடுட் தொழிற்பேட்டைக்குப் பெயர்ந்தது. ஆயினும் இரம்பத்தின் ஓசை அடியோடு ஓய்ந்துவிடவில்லை. ஓய்வுநாளில் வீட்டின் ஓர் அறையையே பட்டறையாக்கிக்கொண்டு, நாற்காலியும் புத்தக அலமாரியும் செய்து மகிழ்வோர் எங்கும் உளர். ஆற்றங்கரை ஆலைக்குக் காற்று இருந்தது. அடுக்குமாடி அறைக்கோ ஒரு சன்னல்தான் உண்டு. அடுத்த அறையில் குழந்தைகள் உறங்குவர்.

தூள், துகள் என்னும் சொற்கள் பேச்சில் ஒரே பொருளில் வழங்கும். இங்குக் கீழே விழுவதைத் தூள் என்றும், காற்றில் மிதப்பதைத் துகள் என்றும் பிரித்துக் கொள்வது நன்று. தூளைத் துடைப்பம் அள்ளிவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத துகள் மணிக்கணக்கில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் அடிவரை செல்லும். கண்ணுக்குத் தெரியும் குப்பையைவிடத் தெரியாத துகளே கொடியது.

இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர் ஹை விக்கம். அவ்வூர்த் தச்சரிடையே மூக்கினுள் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய் மிகுந்திருப்பதை எஸ்மே ஹாட்ஃபீல்டு என்னும் பெண் மருத்துவர் கண்டார். அவரும் அச்செசன் முதலியோரும் செய்த ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்துகளை மனிதருக்குப் புற்றுநோய் தருவனவற்றின் வரிசையில் சேர்த்தது. அவர்கள் நாள்தோறும் ஆலையில் உழைத்தவர்கள். விடுமுறைத் தச்சருக்கும் அதே அளவு தீங்கு என்று கூறுதல் மிகையாகும். எனினும் மூடிய அறையில் இருமலும் இளைப்பும் வர ஆண்டுக்கணக்கு வேண்டியதில்லை.

இதற்குத் தூசி உறிஞ்சும் பொறி உண்டு. அதை வாங்கி வைத்திருப்பவரும் பலர். குறை எங்கே எனின், அதன் சுவிட்சில் இருக்கிறது. பொறி மேசைக்கடியில் கிடக்கும். கையில் பலகை இருக்கும். “ஒரே ஒரு வெட்டுத்தானே” என்று மனம் சொல்லும். அந்த ஒரு வெட்டு நாளொன்றுக்கு நாற்பது முறை வரும்! மறதியைக் கடிந்து பயனில்லை. இரம்பத்தை ஓட்டும் கையே உறிஞ்சியையும் ஓட்டுமாறு அமைத்துவிட வேண்டும்.

அதற்கான தானியங்கி பிளக் பெட்டிகள் விற்பனையில் உள்ளன. இரம்பத்திற்குச் செல்லும் மின்கம்பி பெட்டியினுள் ஒரு சிறு கம்பிச்சுருளின் நடுவே செல்கிறது. இரம்பம் ஓடத் தொடங்கியதும், அக்கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம் சுருளில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும்; அதனைக் கண்டு ரிலே உறிஞ்சியின் சுற்றை மூடும். இதில் இரு தாமதங்கள் உள்ளன. மோட்டார் எழும்பும் நொடியில் வழக்கத்தைப்போலப் பன்மடங்கு மின்னோட்டம் இழுக்கும். இரண்டு மோட்டார்களும் ஒருங்கே எழும்பினால் வீட்டு மின்காப்பு விசை விழுந்துவிடும். ஆதலின் உறிஞ்சி சற்றுப் பிந்தியே எழும். இரம்பம் நின்ற பின்னும் சில நொடி ஓடிக் குழாயில் தங்கியதை இழுத்துக்கொள்ளும்.

வாங்குமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். சிங்கப்பூரில் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. சுவர்ப் பிளக் தாங்குவது 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3000 வாட்டு. 1400 வாட்டு இரம்பமும் 1200 வாட்டு உறிஞ்சியும் சேர்ந்தால் 11 ஆம்பியருக்குச் சற்று மேல், பாதகமில்லை. இரம்பம் 2000 வாட்டானால் எல்லை கடந்துவிடும். அமெரிக்காவில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குரியவை. மலிவு கண்டு தருவித்தல் கூடாது. சுவரினுள் கம்பி மாற்றும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது.

வடிகட்டி நயமற்றதாயின் முன்வாயில் இழுத்த துகளைப் பொறி பின்வாயில் அறைக்கே திருப்பித் தந்துவிடும். கையால் உப்புத்தாள் தேய்க்கும்போதோ மின்சாரமே ஓடாது. ஆகவே பெட்டிக்கும் ஒன்றும் தெரியாது. அப்பொழுது உறிஞ்சியைத் தனியே ஓட்டும் நிலைக்குத் திருப்பி வைத்து, முகக்கவசத்தையும் அணிந்துகொண்டே தேய்க்க வேண்டும்.