வேண்டாதவரும் வேண்டியவரும்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். 1946-இல் சென்னை மாகாணக் காங்கிரஸ் இரண்டுபட்டபோது கொண்டாட்டம் மூன்றாமவருக்கு வாய்த்தது! ராஜாஜியைப் பிரதம மந்திரியாக்கலாமென்று (அந்நாளில் மாகாண முதல் மந்திரிக்கு அதுவே பட்டம்) மேலிடம் ஜாடை காட்டிற்று. எங்கள் சேலம் நகரசபைக்குத் தலைவராயிருந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் நடத்தியவர். ஆனால் 1942 போராட்டத்தில் சேராதவராயிற்றே! சட்டசபை அங்கத்தினர்கள் ஒப்பவில்லை. காமராஜர் கோஷ்டி முத்துரங்க முதலியாரை நிறுத்திற்று. ஜயித்தவரோ ஆந்திரத்துப் பிரகாசம்.

1952-இல் வேடிக்கை தலைகீழாயிற்று. 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இருந்தபோது வேண்டாதவர், அது போனதும் வேண்டியவரானார்! எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: அரிசிப்பானை காலியான பிறகே பாட்டியின் ஞாபகம் வரும். தேர்தலில் நிற்காமலே, மேல்சபை வழியாக ராஜாஜி முதல் மந்திரியானார். 1954-இல் இறங்கினார். அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர்? சாக்ஷாத் காமராஜரேதான்!