பாறை பேசுதா, அதன் தோல் பேசுதா?

நண்பர்களே, பெயிண்ட் அடித்த ஒரு சுவரைத் தூரத்தில் நின்று காட்டி, "உள்ளே செங்கல்லா, கான்கிரீட்டா?" என்று கேட்டால் என்ன சொல்வீங்க? பாலைவனப் பாறைகளை மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கும் இதே சிக்கல்தான்.

முதல்ல அடிப்படையைப் பார்ப்போம். பாறைகள் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெப்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகின்றன. சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புகள் அதிர்வதால், சில அலைநீளங்களில் மட்டும் இந்தக் கதிர் குறையும். வரைபடத்தில் தெரியும் அந்தப் பள்ளம்தான் கனிமத்தின் கைரேகை. குவார்ட்ஸுக்கு அது 9 மைக்ரோமீட்டரை ஒட்டி வரும். சிலிக்கா குறைந்த பசால்ட்டுக்கு இன்னும் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவியில் 5 வெப்ப அலைப்பட்டைகள் உண்டு. அவற்றை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சரி, இதில் சிக்கல் எங்கே? பாலைவனத்தில் வெகுகாலம் கிடக்கும் பாறைமேல் கருப்பாக, பளபளப்பாக ஒரு பூச்சு படியும். களிமண் கனிமங்களோடு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் கலந்த பூச்சு அது. வளர்ச்சி ரொம்ப மெதுவு: ஆயிரம் ஆண்டுக்கு 1 முதல் 40 மைக்ரோமீட்டர்தான். ஆனால், கருவி பார்க்கும் ஆழமும் சில பத்து மைக்ரோமீட்டர்தானே! பூச்சு மெல்லியதாக இருந்தால் பாறை, பூச்சு இரண்டின் கைரேகையும் கலந்து வரும். தடித்துவிட்டால், நாம் அளப்பது களிமண்ணைத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நிலைமை இன்னும் மோசம். கருப்பு ஆக்சைடுகள் அதைச் சீக்கிரமே விழுங்கிவிடும்.

இந்தக் குழப்பம் செவ்வாய் வரைக்கும் போயிருக்கு. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் டெஸ் கருவி, அங்கே வடபகுதித் தாழ்நிலங்களில் சிலிக்கா மிகுந்த ஆண்டசைட் இருப்பதுபோல் காட்டியது. 2002-இல் வயாட், மெக்ஸ்வீன் இருவரும், அது வானிலைச் சிதைவுக்கு உள்ளான வெறும் பசால்ட்டாகவும் இருக்கலாம் என்றார்கள். ஒரு கோளின் எரிமலை வரலாறே மாறிப்போகிற கேள்வி அது!

ஆனா, பூச்சு எப்பவும் எதிரி இல்லை. கலிபோர்னியாவின் டெத் வேலியில் மலையடிவார வண்டல் விசிறிகளை விமானத்தில் வைத்த டிம்ஸ் கருவியால் படம்பிடித்தார்கள். பழைய விசிறியில் பூச்சும் சிதைவும் அதிகம். அதனால் 1984-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பாறை வகையோடு எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் பிரிக்க முடிந்தது.

நாளைக்கு நீங்க ரிமோட் சென்சிங் புராஜெக்ட் பண்ணும்போது ஒன்றை மறக்காதீங்க. ஆய்வகத்தில் நாம் வெட்டி எடுக்கும் புது முகத்தைச் செயற்கைக்கோள் பார்த்ததே இல்லை. அது பார்ப்பது வெயிலில் கிடந்த பழைய முகத்தை. மாதிரி எடுத்தால் இரண்டு பக்கத்தையும் அளங்க. ஒப்பிடும்போது வெயில் பட்ட பக்கத்தை முதலில் வைங்க.